பெருவங்கியம் ஓயலாமோ?



சென்ற பங்குனித் திங்களில் காவிரிக் கரையூர் ஒன்றன் தேர்விழாவிற்குச் சென்றிருந்தேன். தேர்வடம் பிடிக்கும் பொழுது. தேர்க்கு முன்னே, மலையாள நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட செண்டைக் குழுவினர் இருபதின்மர் ஒரே சீருடையில் நின்று முழக்கினர். பின்னே, வண்டியில் ஏற்றப்பட்ட ஒலிபெருக்கிகள் திரைப்பாட்டை அலறிக்கொண்டு வந்தன. இவ்விரண்டிற்கும் நடுவே, தேரின் ஓரமாக, அகவை அறுபதைக் கடந்த பெருவங்கியக்காரர் ஒருவரும் தவிற்காரர் ஒருவரும் நின்றனர். நாகசுரம் என்று ஊரார் வழங்கும் அப் பெருவங்கியத்தில் அவர் மல்லாரி இசைத்துக்கொண்டிருந்தார். கன்னம் புடைப்பதும் விரல் ஓடுவதும் கண்ணுக்குத் தெரிந்தன. காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

தேர் நிலைக்கு வந்தபின் அவரை அணுகி, "யாருக்கும் கேட்கவில்லையே ஐயா, ஏன் விடாமல் ஊதினீர்கள்?" என்று வினவினேன். "கேட்கவில்லை என்பதற்காக வாசிக்காமல் இருக்க முடியுமா ஐயா? மல்லாரி இல்லாமல் சாமி புறப்படக்கூடாதே" என்றார்.

அவ்விழாவின் அழைப்பிதழ் என் பையில் இருந்தது. அதில் 'உற்சவம்' இல்லை, 'விழா' இருந்தது. 'ரதம்' இல்லை, 'தேர்' இருந்தது. அதனை எழுதிக் கொடுத்தவர் நம் கொள்கையர் ஒருவரே. தாளில் தமிழ் தழைத்திருந்தது. தெருவில் தமிழ் வாயடைத்து நின்றது!

இதனை ஓரூரின் குறையென்று ஒதுக்கிவிடலாகாது. இயல், இசை, கூத்து எனத் தமிழை மூன்றாகக் கண்டனர் நம் முன்னோர். 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகளார் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் நூறாண்டிற்கு மேலாக இயற்றமிழை மீட்டுத் தந்துள்ளது. 'நமசுகாரம்' போய் 'வணக்கம்' வந்தது. 'அக்கிராசனர்' போய்த் 'தலைவர்' வந்தார். 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' போய்த் 'திருமண அழைப்பிதழ்' வந்தது. இவ்வெற்றி சிறிதன்று. ஆயின் மூன்றில் ஒன்றைக் காத்துவிட்டு, மூன்றையும் காத்தவர்போல் நாம் மார்தட்டித் திரிகின்றோமே, இது முறையா?

யாழுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். பாணர் தோளில் சுமந்து ஊரூராய்த் திரிந்த கருவி அது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியனுக்கும் குழலாசிரியனுக்கும் இலக்கணம் வகுக்கின்றது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் தமிழ்ப்பெயர் அன்றே இருந்தது. அத்தகைய யாழ் ஒருநாள் ஓய்ந்தது. அதனை மீட்டும் கையும் இல்லை, செய்யும் கையும் இல்லை என்றாயிற்று. பின்னர் ஈழத்து விபுலானந்த அடிகளார் பழைய நூல்களின் குறிப்புகளைக் கொண்டு நரம்புகளின் அளவைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு, 1947ஆம் ஆண்டில் 'யாழ்நூல்' தந்தார். அப் பேருழைப்பை வணங்குவோம். ஆயின் அந்நூல் யாழின் இலக்கணத்தைத் தந்ததேயன்றி, நம் ஊர்த் தெருக்களில் யாழைத் தந்ததா? கைவிட்ட கருவியை ஏட்டிலிருந்து எழுப்புதல் அத்துணை எளிதன்று.

பெருவங்கியம் ஓய்ந்தால் அதனைக் கணக்கிட்டு மீட்கவும் இயலாது. அதன் கலை மூச்சில் இருக்கின்றது. குடந்தையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தைக் கடைந்து உலவு செய்கின்றனர். பழைய வீடுகளில் நெடுநாள் நின்று முற்றிக் காய்ந்த தூண்களும் உத்தரங்களுமே இதற்கு ஏற்றவை. அடியில் அணைசு, தலையில் சீவாளி. கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திக் கட்டுகின்ற சீவாளி, உதட்டின் அழுத்தத்திற்கும் மூச்சின் வலிவிற்கும் ஏற்பக் குழையும். பெட்டியின் கட்டைகளை அழுத்தினால் வரும் ஒலியன்று அது. ஒரே துளையில் மூச்சை ஏற்றியும் இறக்கியும் ஒலிகளை வேறுபடுத்த வேண்டும். சிறுவனாய்த் தொடங்கி ஆசான் அருகிருந்து பல்லாண்டு ஊதியவனுக்கே அது கைவரும். தவிலும் அத்தகையதே. பலாமரத்தைக் குடைந்து, ஒருபுறம் கழியாலும், மறுபுறம் கூடு மாட்டிய விரல்களாலும் முழக்கும் அக்கருவிக்கு ஈடாக எந்த மின்பொறி வரும்? நரசிங்கம்பேட்டைப் பெருவங்கியத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆயின் குறியீடு ஊதுமா? ஊதுகின்றவனுக்கு விழா கிடைத்தாலன்றோ செய்கின்றவனுக்கு வேலை கிடைக்கும்!

இக்கலையினர் எளிதில் நிமிர்ந்து நிற்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிட்டோம். பெருவங்கியக்காரர் மேற்சட்டை அணியலாகாது, துண்டை இடுப்பிற் கட்ட வேண்டும், நின்றுகொண்டே ஊத வேண்டும் என்ற கொடுமை இந்நாட்டில் இருந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிய தன்மான இயக்கக் காலத்தில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்து என்னும் கலைஞர் திருமண ஊர்வலத்தில் இசைத்து வந்தபோது, தோளில் இட்ட துண்டை எடுக்குமாறு குலச்செருக்கர் சிலர் அதட்டினர். எடுக்க வேண்டா என்று துணை நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. திருவாவடுதுறை இராசரத்தினம் மேடையில் பிறரோடு ஒப்ப அமர்ந்து இசைத்தார். தாம் விரும்பிய உடையை உடுத்தினார். 1947ஆம் ஆண்டு விடுதலை விழாவில் தில்லியில் ஒலித்தது அவர் பெருவங்கியமே. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' என்னும் திரைப்படத்தின் வழியாகக் காருகுறிச்சி அருணாசலத்தின் இசை தமிழர் வீடுதோறும் நுழைந்தது. ஈழத்தில் இணுவிலும் அளவெட்டியும் இக்கலைஞரை ஈன்று புகழ்பெற்றன. தவிலில் தனக்கெனத் தடம் பதித்த தட்சிணாமூர்த்தி, 1975இல் மறையும்வரை கடலின் இருகரையிலும் கொண்டாடப்பட்டார். இத்தகைய வழிவந்த கலையைத்தான் இன்று தேரின் ஓரத்தில் நிறுத்தியிருக்கின்றோம்.

நிறுத்தியவர் யார்? அயலார் மேல் பழிபோடுதல் நமக்குப் பழகிப்போன செயல். இம்முறை அது பொருந்தாது. மலையாளத்தார்மேல் எனக்குப் பகையில்லை. அவர்கள் தங்கள் செண்டையைத் தங்கள் மண்ணில் போற்றுகின்றனர். திருச்சூர்ப் பூரத்தில் நூற்றுக்கணக்கான கலைஞர் கூடி முழக்க, ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நின்று கையசைத்துக் கேட்கின்றனர். தம் கலையை மதிக்கத் தெரிந்தவர்களை நாம் கூலிக்கு அழைக்கின்றோம். நம் கலையை மதிக்க அவர்களிடம் கற்றுக்கொண்டோமில்லை. ஆந்திர நாட்டிற் பிறந்த சேக்கு சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் இராசம், துரைக்கண்ணு உடன்பிறந்தாரிடம் தஞ்சைப் பாணியைப் பயின்று, திருவரங்கத்திலேயே குடியேறி, 1999இல் மறையும்வரை அதனையே மூச்சாகக் கொண்டார். அயல்மொழியார் தேடிவந்து கற்ற கலையைத் தமிழன் வாயிற்படியில் நிற்க வைத்தான்!

கோயில்களுக்குள் சென்று பாருங்கள். வழிபாட்டு வேளையில் மணியையும் முரசையும் மின்விசையால் அடிக்கும் பொறி மூலையில் நிற்கின்றது. விடியலுக்கு ஒரு பண், உச்சிக்கு ஒரு பண், பள்ளியறைக்கு ஒரு பண் எனப் பொழுதறிந்து இசைத்த மாந்தன் இருந்த இடத்தில், எப்பொழுதும் ஒரே இரைச்சலை எழுப்பும் இரும்பு நிற்கின்றது. சென்னையின் மார்கழி இசைவிழாக்களிலோ, 'மங்கல இசை' என்ற பெயரில் பெருவங்கியத்திற்குத் தொடக்கப் பொழுதை ஒதுக்குகின்றனர். வருவோர் இருக்கை தேடும் நேரம் அது. மாலை அரங்கு பிறர்க்கு. வாயில் வரவேற்பு இவர்க்கு!

இங்கே ஒரு தடையை எழுப்புவோர் உளர். "பெருவங்கியக்காரர் ஊதுவன பெரும்பாலும் தெலுங்குப் பாட்டுகள்தாமே, அவற்றைத் தமிழர் ஏன் காக்க வேண்டும்?" என்பர். இவ்வினாவைத் தட்டிக் கழிக்கலாகாது, விடை கூறுவேன். பெருவங்கியத்தின் உயிர் ஆளத்தி. சொல்லின்றிப் பண்ணை விரித்துப் படர விடுவது அது. அதற்குத் தெலுங்குமில்லை, வடமொழியுமில்லை. பண்ணின் இலக்கணமோ தமிழர்க்குத் தொன்மையானது என்பதை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் தம் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில் விரித்துரைத்தார். பாட்டென்று வந்தாலும் நமக்கென்ன பஞ்சம்? தேவாரப் பண்கள் உள. சீர்காழி, தில்லை வட்டாரங்களில் வாழ்ந்த முத்துத்தாண்டவரும், 1779இல் மறைந்த அருணாசலக் கவிராயரும், 1787இல் மறைந்த மாரிமுத்தாப் பிள்ளையும் இயற்றிய பாட்டுகள் உள. 1767இல் பிறந்த தியாகராசர் தெலுங்கிற் பாடத் தொடங்குமுன்பே தமிழிற் பாடியோர் இம்மூவர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியதும் இவ்வுரிமைக்காகவே. கலைஞர் கேட்பவர் விருப்பத்தை ஊதுவார். தெலுங்கைக் கேட்டவர் இருந்தனர், தெலுங்கை ஊதினார். தமிழைக் கேட்கும் வாயை நாம் திறந்தோமா? அழையாத வீட்டில் அவர் எந்தமிழை ஊதுவார்?

இனி, நம் நெஞ்சைச் சுடும் வினா ஒன்றுண்டு. இக்கலைஞரின் பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் சென்றுவிட்டனர் என்று நாம் வருந்துகின்றோம். அவர்களைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? பிறப்பைக் காட்டி ஒரு கலையை ஒரு குலத்தின் தலையிற் சுமத்தி, அக்கலையைக் காட்டியே அக்குலத்தை இழித்த குமுகாயம் இது. பறைக்குச் செய்த கொடுமை இதனினும் பெரிது. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தது. நாமோ அதனைச் சாவு வீட்டிற்கு ஒதுக்கி, முழக்கியவரை ஊர்ப்புறத்தே நிறுத்தினோம். 2025ஆம் ஆண்டில் பறையாசான் வேலுவிற்கும், புரிசைத் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் நடுவணரசு தாமரைத்திரு விருது வழங்கியது. தில்லி கண்டுகொண்டது, நம் தெரு இன்னும் கண்டுகொள்ளவில்லை. தன்மானம் தேடி வெளியேறிய இளைஞன் செய்தது சரியே. கலை வாழ வேண்டுமாயின், அது குலத்தளையை அறுத்து அனைவர்க்கும் உரியதாக வேண்டும். மாவட்டங்கள் பலவற்றில் அரசு இசைப்பள்ளிகள் பெருவங்கியமும் தவிலும் தேவாரமும் கற்பிக்கின்றன; மூன்றாண்டுப் பயிற்சி தருகின்றன. தம் பிள்ளையை அங்கே பெருவங்கியம் கற்க விடுத்த தமிழன்பர் எத்தனை பேர்? இவ்வினாவை முதலில் என்னையே கேட்டுக்கொண்டேன். என் மகன் பொறியியல் கற்றான். மகள் கணக்கியல் கற்றாள். தவிலைத் தொட்டுப் பார்க்குமாறு ஒருநாளேனும் நான் அவர்களிடம் கூறியதில்லை. முத்தமிழ் என்று முப்பதாண்டு வகுப்பில் முழங்கிய வாய் இது! நான் பணியாற்றிய பள்ளிகளின் ஆண்டுவிழாக்களிலும், ஒலிநாடாவிலும் பிறகு குறுவட்டிலும் திரைப்பாட்டை ஓடவிட்டுப் பிள்ளைகளை ஆடவிட்டதைப் பார்த்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். அதற்கு இன்று நாணுகின்றேன்.

நாணினால் மட்டும் போதாது. இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் இல்லத்தின் அடுத்த திருமணத்திலோ புதுமனை புகுவிழாவிலோ பின்வருவனவற்றைச் செய்க.

ஒன்று: நம் வட்டாரத்துப் பெருவங்கியம், தவில், பறை, கூத்துக் கலைஞரையே அழையுங்கள். பதிவு செய்த இசையை ஓடவிடாதீர்.

இரண்டு: அவர்கள் இசைக்கும்போது ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். அவர்களை மேடையில் அமர்த்துங்கள். உங்கள் உறவினர் உண்ணும் அதே பந்தியில் உண்ணச் செய்யுங்கள்.

மூன்று: பேசிய தொகையைப் பேசியபடி, வீடு திரும்புமுன் கையிற் கொடுங்கள். பாட்டு ஒவ்வொன்றையும் தமிழில் கேட்டுப் பெறுங்கள்.

நான்கு: ஊர்க்கோயிலில் மின்முரசு இருக்குமாயின், அவ்விடத்தில் ஒரு கலைஞரை ஊதியத்தோடு அமர்த்துமாறு ஊரவையிலும் அறநிலையத் துறையிலும் எழுத்தால் கேளுங்கள். ஒருமுறை மறுத்தால் மறுமுறை கேளுங்கள்.

ஐந்து: ஆசிரியராயிருப்போர், பள்ளி விழாவில் ஆண்டுக்கு ஒரு கூத்தையேனும் ஒரு பெருவங்கிய இசையையேனும் பிள்ளைகள் நேரிற் கேட்கச் செய்யுங்கள். கேட்டறியாத பிள்ளை எவ்வாறு கற்க விழையும்?

'நாகசுரம்' என்பதைப் 'பெருவங்கியம்' என்று மாற்றி எழுதினோம். நன்று. பெயரை மீட்டோம், பெயர்க்குரிய பொருள் நம் கண்முன்னே மறைய விடுவோமாயின், அகரமுதலியில் ஒரு சொல்லாக மட்டுமே அது எஞ்சும். யாழ் அவ்வாறு எஞ்சியது. அடுத்த பங்குனியில் அதே தேர் புறப்படும். அப் பெரியவரும் தம் கருவியோடு அங்கு வந்து நிற்பார். அவர் மல்லாரி ஊருக்குக் கேட்க வேண்டுமா, கேட்கவேண்டாவா? இதற்கு அழைப்பிதழால் விடை கூற இயலாது. ஒலிபெருக்கியை நிறுத்தும் கையால் விடை கூறுவோம், வாரீர்!