ஒளிக்கு வேண்டுவது ஒழுங்கே!

திரை செய்வோர் தம் சரக்கை விற்கப் புகும்போதெல்லாம் ஒளியின் மிகுதியையே பறையறைகின்றனர். எத்துணைப் பொலிவு, எத்துணைப் படப்புள்ளி என்று எண்களை அடுக்குகின்றனரேயன்றி, அவ்வொளி எப்பக்கம் எவ்வளவு செல்கின்றது என்று வாய்திறந்து சொல்வாரைக் காண்டல் அரிது. விளக்கின் பெருமை எரிவதில் மட்டுமா உள்ளது? வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழுவதிலன்றோ உள்ளது! ‘மைக்ரோ எல்.இ.டி.’ எனப் பெயர்பெற்று வரும் நுண்ணொளியுமிழித் திரைக்கு இவ்வுண்மை முழுதும் பொருந்தும். அதன் தகுதியை அளக்க வேண்டுவது ஒளிப்பெருக்கத்தால் அன்று, ஒளியொழுங்கால் என்பதே எம் கருத்து.

நீர்மப் படிகத் திரையில், பின்னிருந்து வரும் விளக்கொளியை மறைத்தும் திறந்தும் படம் காட்டுவர். நுண்ணொளியுமிழித் திரையிலோ, ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என நுண்விளக்குகள் தாமே ஒளிர்கின்றன. 2012இல் சோனி நிறுவனம் காட்டிய 55 அங்குலத் திரையில் ஏறத்தாழ 60 இலக்கம் விளக்குகள் இருந்தன. நீல ஒளியுமிழிக்காக 2014இல் நோபல் பரிசு பெற்ற அகாசாகி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூவரின் உழைப்பே இதற்கும் அடிப்படை.

இவ்விளக்கின் உள்ளே பிறக்கும் ஒளி எளிதில் வெளிவருவதில்லை. நீலமும் பச்சையும் தரும் காலியம் நைட்ரைடு வகைப் பொருளின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.4. எனவே, செங்குத்துக் கோட்டினின்று ஏறத்தாழ 24 பாகைக்கு மேல் சாய்ந்து மேற்பரப்பைத் தொடும் ஒளி, காற்றுக்குள் புகமாட்டாது உள்ளுக்கே திரும்பிவிடுகின்றது. மட்டமான ஒரு முகத்தின் வழியே நேரே தப்பி வருவது 100க்கு ஏறத்தாழ 4 பங்கே. எஞ்சியதில் ஒரு பகுதி உள்ளே அலைந்து வெப்பமாகும். ஒரு பகுதி பக்கச்சுவர் வழியே சிதறும். விளக்குச் சிறுக்கச் சிறுக்க, மேற்பரப்பை நோக்கப் பக்கச்சுவரின் பங்கு பெருகுகின்றது. சிறுமையே இத்திரையின் வலிமை. அச்சிறுமையே அதன் இடர்ப்பாடும் ஆகின்றது.

இதனால் விளையும் கேடு யாது? சிவப்பு விளக்கைப் பெரும்பாலும் வேறொரு பொருளால், அஃதாவது அலுமினியம், காலியம், இண்டியம், பாசுவரம் கலந்த கூட்டுப்பொருளால் செய்வர். அது பக்கச்சுவர் ஒளியைப் பெரிதும் தானே விழுங்கிவிடும். நீலமும் பச்சையும் அங்ஙனம் விழுங்குவதில்லை. ஆகவே, நேரே நின்று பார்ப்பவனுக்கு மூன்று நிறமும் அளவொத்து அமைய, ஓரத்தில் இருப்பவனுக்குச் சிவப்புக் குன்றி நீலமும் பச்சையும் மிகும். இக்கோண நிறமாற்றத்தை 2019இல் புளோரிடா நடுவண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, மேலே கரும்பட்டை அமைத்து, விளக்கின் பக்கச்சுவரையே சரிவாக அமைப்பின் இம்மாற்றம் குறையும் எனக் காட்டினர். சுவர் செங்குத்தாயின் பக்கவொளி வீணே அழியும். சரிவாயின் நிறமும் காக்கப்படும், ஒளியும் பெரிதும் இழக்கப்படாது. 

ஆயின், எல்லாத் திரைக்கும் அகன்ற கோணமே சிறந்தது என்று கொள்ளுதலும் பிழையாம். கண்முன் அணியும் காட்சிக் கண்ணாடியில், சிறு வில்லை ஒன்று குறுகிய கூம்புக்குள் வரும் ஒளியையே ஏற்கும். எல்லாப் பக்கமும் ஒரே பொலிவாகத் தோன்றுமாறு பரவும் ஒளியில், நடுக்கோட்டின் இருபுறமும் 20 பாகைக்குள் அடங்குவது 100க்கு 12 பங்கே. ஏனைய 88 பங்கும் பாழ். மகிழுந்தில் திரையொளி முன்கண்ணாடியில் பட்டெதிர்ந்து இரவில் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யுமாயின், அஃது உயிர்க்கே ஊறு. அவ்விடங்களில் ஒளியைக் குவித்தலே அறிவுடைமை. விளக்கின்மேல் நுண்வில்லை வைத்தும், சுற்றிலும் கிண்ணம்போல் எதிரொளிப்பான் அமைத்தும் குவிக்கலாம். விளக்கினும் வில்லை பெரிதாக இருந்தாலன்றி ஒளி செவ்வனே குவியாது. விளக்கு மிகச் சிறிதாகலின், படப்புள்ளிகள் நெருங்காத திரைகளில் அதற்கு இடமும் எஞ்சுகின்றது. முன்னர் இடர்ப்பாடாய் நின்ற சிறுமை ஈண்டுத் துணையாகி விடுகின்றது.

இனி, வாங்குவோர் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. நீர்மப் படிகத் திரைகளின் பெட்டிமேல் ‘178 பாகை’ என்று பொறித்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள பொலிவு வேறுபாடு பத்துக்கு ஒன்றாகக் குறையும் எல்லையையே பெரும்பாலும் அவ்வெண் குறிக்கின்றது. நிறம் திரிந்ததா என்பதைப் பற்றி அஃது ஒன்றும் சொல்லாது. நிறம் கெட்டபின் கோணம் அகன்று ஆவதென்ன? புதிய திரைக்கும் இப்பழைய அளவுகோலையே நீட்டுதல் வாங்குவோரை ஏய்ப்பதாகும். 30 பாகையிலும் 60 பாகையிலும் பொலிவு எவ்வளவு, நிறமாற்றம் எவ்வளவு என்று வெளிப்படையாகப் பொறித்தல் வேண்டும்.

“பார்ப்பவர் நேரேதானே பார்ப்பர், ஓரத்தைப் பற்றிக் கவலை எதற்கு?” என்பாரும் உளர். கைக்கடிகாரத்திற்கு அவ்வுரை ஒருவாறு பொருந்தும். அகன்ற அரங்கிற்கும் வகுப்பறைக்கும் எங்ஙனம் பொருந்தும்? திரைக்கு நேர் நடுவே அமர இடம் பெறுவோர் மிகச் சிலரே. கடைக்கோடியில் அமர்ந்த மாணாக்கனுக்கு நிலப்படத்தின் ஒரு நிறம் வேறொன்றாகத் தோன்றுமாயின், அவன் கற்பது பிழையாகவே முடியும். அப்பிழை அவனுடையதும் அன்று. நடுவில் இருப்பவனுக்கு மட்டும் உண்மை காட்டும் திரை, எத்துணைப் பொலிவுடையதாயினும் குறையுடையதே. ஓரத்தில் இருப்பவனின் கண்ணையும் கண்ணாக மதித்துச் செய்யும் திரையே திரை!