வேலி தாண்டிய ஒளி

அந்நியப் படைத்தளம் ஒன்று ஒரு நாட்டிலே அமையும்போது மக்கள் எதற்கு அஞ்சுவார்கள்? போர் மூண்டால் முதற்குண்டு தம் தலையில் விழுமே என்று அஞ்சுவார்கள். சிப்பாய்களின் நடத்தைக்கு அஞ்சிப் பெண்பிள்ளைகளை வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். நிலம் பறிபோகும் என்று கமக்காரர் அஞ்சுவார். ஆனால் அச்சிப்பாய்கள் இராச்சாப்பாட்டின் பின் சாய்ந்திருந்து பார்க்கும் பொழுதுபோக்கிற்கு யாரேனும் அஞ்சுவதுண்டா? உண்டு. வட அத்திலாந்திக் சமுத்திரத்திலே கிடக்கும் ஐஸ்லாந்து என்னும் தீவில் அப்படி ஓர் அச்சம் எழுந்தது. 1960ஆம் ஆண்டுகளில் அது பத்திரிகைகளை நிரப்பிற்று. பாராளுமன்றத்தின் வாயிலையும் தட்டிற்று. அந்த வழக்கை நம் வாசகர் முன் வைப்பது பயனுடைத்து என்று கருதுகிறோம். சிறிய இனம் ஒன்றின் மொழி எவ்வழியாக அரிக்கப்படலாம் என்பதையும், அவ்வினம் அதற்கு என்ன செய்தது என்பதையும் அதிலே காணலாம்.

முதலில் தளத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இரண்டாம் மகாயுத்த காலத்தில், 1940இல், பிரித்தானியப் படைகள் ஐஸ்லாந்திலே கேளாமலே வந்திறங்கின. 1941இல் அவற்றின் இடத்திற்கு அமெரிக்கர் வந்தனர். 1944 யூன் 17இல் ஐஸ்லாந்து டென்மார்க்கின் முடியிலிருந்து முற்றாக நீங்கிக் குடியரசாயிற்று. 1949இல் அந்நாடு நேற்றோ அமைப்பிற் சேரத் தீர்மானித்த அன்று தலைநகர் றெய்க்யவிக்கிலே பாராளுமன்றத்தின் முன் கல்வீச்சும் கண்ணீர்ப்புகையுமாக இருந்தது. 1951இல் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி அமெரிக்கப் படை கெப்லவிக் விமானத்தளத்திலே மீண்டும் நிலைகொண்டது. சொந்தப் படை இல்லாத நாடு அது. காவலுக்கு அயலானை வைத்தது. வைத்த பின் அவனை எப்படி அடக்கி வைப்பது என்று தவித்தது.

அடக்கி வைக்க முயன்றது உண்மை. தளத்தைச் சுற்றி வேலி எழுந்தது. சிப்பாய்கள் தலைநகருக்குப் போகும் நாட்களும் நேரங்களும் வரையறுக்கப்பட்டன. உடலோடு வந்த சிப்பாய் வேலிக்குள் அடங்கினான். ஆனால் அவனுக்காக வந்த பொழுதுபோக்கு அடங்கவில்லை. எந்த முட்கம்பியும் தடுக்கமுடியாத பொருளொன்று 1955இல் அங்கே வந்து சேர்ந்தது. அதுதான் தொலைக்காட்சி.

அமெரிக்கப் படைகளுக்கென வானொலியும் தொலைக்காட்சியும் நடத்தும் தனிச் சேவை ஒன்று உண்டு. அதன் முதலாவது தொலைக்காட்சி நிலையம் மெயின் மாநிலத்திலுள்ள லைம்ஸ்ரோன் விமானத்தளத்திலே 1953 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. குளிரும் தனிமையும் நிறைந்த அவ்விடத்திலே இருந்த வீரர் மனந்தளர்ந்தனர். அதைத் தடுக்கவே தொலைக்காட்சி என்றனர். இந்த நோக்கத்திலே நாம் குற்றங்காணோம். ஊரைவிட்டு, மனைவி மக்களைவிட்டு, பனிக்காற்றிலே காவல் நிற்கும் இளைஞனுக்கு மாலையில் ஊரின் முகத்தைக் காட்டுவது மனிதாபிமானமே. 1954இல் அசோரெஸ் தீவுகளிலும், 1955இல் கெப்லவிக்கிலும் அதே ஏற்பாடு வந்தது.

அந்தத் தளத்து மக்களுக்கான ஒரு கிழமை நிகழ்ச்சி எப்படிப்பட்டது? படச்சுருள்கள் லொஸ் ஏஞ்சலிசிலிருந்து பொதிகளாக விமானத்தில் வந்தன. ஒரு நிலையத்திலே காட்டி முடிந்ததும் பொதி அடுத்த நிலையத்துக்குச் சென்றது. ஆகவே கெப்லவிக்கிலே பார்த்ததையே இன்னொரு கடலோரத் தளத்தில் இன்னொரு சிப்பாய் சில கிழமைகள் கழித்துப் பார்த்திருப்பான். சிறுவருக்குச் சித்திரப்படங்கள், ஞாயிறன்று தேவாராதனை, மாலையிலே சீருடைக்காரர் ஒருவர் வாசிக்கும் செய்தி, பந்தாட்டம், பாட்டுக் கச்சேரி, பகிடி நாடகம், இரவிலே குதிரையும் துப்பாக்கியுமாக மேற்குப் பிரதேசக் கதைகள். 'பொனான்சா', 'கன்ஸ்மோக்' போன்ற தொடர்கள் பனிக்கடலின் நடுவே மாட்டுப்பண்ணைச் சண்டைகளைக் கொண்டுவந்தன. எட் சலிவனின் பல்சுவை மேடையும் வந்தது. வியாபார விளம்பரங்களை மட்டும் படையதிகாரிகள் வெட்டி எறிந்துவிட்டு, அவ்விடங்களிலே சேமிப்புப் பத்திரம், பாதுகாப்பு விதி, நன்னடத்தை முதலியன பற்றிய அறிவித்தல்களை ஒட்டினர்.

விளம்பரமே இல்லாத தொலைக்காட்சியால் என்ன தீங்கு வந்துவிடும் என்று அக்காலத்திலே வாதிட்டவர்கள் இருந்தார்கள். நாம் அதை ஏற்கமாட்டோம். சவர்க்காரத்தின் விளம்பரத்தை வெட்டலாம். சமையலறையையும் காரையும் உடையையும் சிரிப்பையும் யாரால் வெட்ட முடியும்? வீரனுக்கு அது அவன் வீடு. அயல்வீட்டுச் சிறுவனுக்கோ அது வாழவேண்டிய முறையைக் காட்டும் பாடம். ஒரே படம் இருவர் கண்ணிலும் இரு வேறு காரியத்தைச் செய்தது.

அயல்வீட்டுச் சிறுவன் எப்படி வந்தான் என்று கேட்கலாம். ஆரம்பத்தில் ஒளிபரப்பு தளத்தின் சுற்றுப்புறத்துக்குள் அடங்கவேண்டும் என்பதே எண்ணம். 1961இல் அதன் வலுவை 50 வாற்றிலிருந்து 250 வாற்றாகக் கூட்ட ஐஸ்லாந்து அரசாங்கம் அனுமதித்தது. தளத்திலிருந்து தலைநகர் ஏறக்குறைய 30 மைல். வயலுக்குத் தண்ணீர் கட்டுபவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வரம்பை உயர்த்தாமல் வாய்க்காலை அகலத் திறந்தால் அயல்வயலும் நிறையும். அயலவன் கேட்டானா கேட்கவில்லையா என்பதைத் தண்ணீர் விசாரிப்பதில்லை. இங்கே அயலவன் கேட்காமலும் இருக்கவில்லை. றெய்க்யவிக் வீடுகளின் கூரைகளிலே அலைவாங்கிகள் முளைத்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெட்டி வாங்கின. அந்நியத் தளத்தின் நிகழ்ச்சி நிரலை உள்ளூர்ப் பத்திரிகைகளே அச்சிட்டன. 'யாங்கித் தொலைக்காட்சி' என்று பொருள்படும் செல்லப்பெயர் ஒன்றும் அதற்கு வந்துவிட்டது. குழந்தைகள் பள்ளியிலே ஆங்கிலம் தொடங்குமுன்னரே பெட்டியிலிருந்து ஆங்கிலம் பொறுக்கினர்.

இங்கேதான் விடயம் கூர்மை பெறுகிறது. அந்நாட்டிற்குச் சொந்தத் தொலைக்காட்சி அப்போது இல்லை! 1930 முதல் இயங்கிய அரச வானொலி ஒன்றே இருந்தது. ஒலிபரப்பும் உரிமை சட்டப்படி அதற்கு மட்டுமே உரியது. சொந்த நாட்டவன் ஒருவன் ஒலிபரப்ப விரும்பியிருந்தால் சட்டம் அவனைத் தடுத்திருக்கும். அந்நியப் படையோ நாள்தோறும் தலைநகரின் வரவேற்பறைகளிலே பேசிக்கொண்டிருந்தது. குடிகளுக்கு மறுத்ததை விருந்தாளிக்கு வழங்கும் அரசாங்கத்தை என்னென்பது?

1964 மார்ச்சிலே பொதுவாழ்விலும் கல்வியுலகிலும் கலையுலகிலும் மதிப்புப்பெற்ற 60 பேர் பாராளுமன்றத்துக்கு மகஜர் ஒன்று சமர்ப்பித்தனர். படைத்தளத்தை மூடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. தளத்தை எதிர்த்தவரோடு அதனை ஆதரித்தவரும் அதிலே கையொப்பமிட்டனர். தளத்துத் தொலைக்காட்சி தளத்தோடு நிற்கட்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. அந்தக் காலத்தில் ஐஸ்லாந்தின் சனத்தொகை இரண்டு இலட்சத்தை எட்டவில்லை. நம் நாட்டின் ஒரு மாவட்டத்தளவும் இல்லாத மக்கள்தொகை. ஆனால் அவர்களுடைய பாராளுமன்றம் 930ஆம் ஆண்டிலே தோன்றியது. இடைக்காலத்தில் எழுதப்பட்ட தம் பழங்கதைகளை இன்றைய வாசகனும் அதிகச் சிரமமின்றிப் படிக்கிறான். அத்தகைய மொழியை நம்பி வாழும் கூட்டம், தன் மாலைப்பொழுது முழுவதையும் வேறொரு மொழிக்கு ஒப்புக்கொடுத்தால் என்னாகும் என்று அந்த 60 பேரும் கேட்டனர்.

எதிர்த்தரப்பு பேசாமல் இருக்கவில்லை. அவர்களுக்கும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. என் வீட்டிலே எதைப் பார்ப்பது என்று எனக்குக் கற்பிக்க இந்தப் பண்டிதர் யார் என்று கேட்டனர். நீண்ட மாரிகால இருளிலே, கடற்றொழிலாளியின் மனைவிக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் கிடைத்த ஒரே வெளிச்சத்தை அணைப்பதா என்று கேட்டனர். நல்ல கேள்விதான். தடைசெய்வது மட்டுமே மறுமொழியானால் பண்டிதர் தோற்றிருப்பர், தோற்கவும் வேண்டும். சனங்களின் கையிலுள்ளதைப் பறித்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பும் பண்பாட்டுக் காவலரை எந்த நாட்டுச் சனங்களும் நெடுநாள் பொறுப்பதில்லை. நம்மிடையேயும் அத்தகைய காவலர் இல்லாமலில்லை. பிறமொழிப் படத்தைத் திட்டி மேடையிற் பேசிவிட்டு, தமிழிலே ஒரு நல்ல படம் எடுக்க ஒரு சதமும் கொடாதவர்களை நாம் அறிவோம்.

ஐஸ்லாந்தர் வெறுங்கையோடு நிற்கவில்லை. சொந்தத் தொலைக்காட்சியை அமைக்க முற்பட்டனர். பணம் எங்கிருந்து வந்தது என்பதே இக்கதையிலே நமக்கு மிகவும் பிடித்த பகுதி. இறக்குமதியாகும் தொலைக்காட்சிப் பெட்டிகளின் மீதான தீர்வைப்பணம் அந்தக் கருமத்துக்கு ஒதுக்கப்பட்டது. அமெரிக்கரின் மாட்டுக்காரக் கதைகளைப் பார்க்க ஆசைப்பட்டு ஒருவன் பெட்டி வாங்கினான். அவன் செலுத்திய தீர்வை தாய்மொழித் தொலைக்காட்சிக்கு அத்திவாரக் கல்லாயிற்று. 1966 செப்டெம்பர் 30இல் ஐஸ்லாந்து அரசத் தொலைக்காட்சி தன் முதல் ஒளிபரப்பை நடத்திற்று. மறு ஆண்டு தளத்தின் ஒளிபரப்பு தளத்தின் எல்லையை நோக்கிச் சுருக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டுகளிலே அது கம்பிவழிச் சேவையாகி வேலிக்குள் முற்றாக ஒடுங்கிற்று.

இலங்கையருக்கு இது முற்றிலும் புதிய கதையன்று. யுத்த காலத்திலே, 1944இல், தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தலைமையில் கண்டியிலே வந்தமர்ந்தது. அதன் வீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து 'றேடியோ சீயாக்' என்ற வானொலி நடந்தது. அதற்கென ஏக்கலையிலே 100 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. வீட்டுநினைவால் வாடும் ஆங்கிலேயச் சிப்பாய்க்கு ஆங்கிலப் பாட்டுப் போடப் பிறந்த இயந்திரம் அது. 1949இல் அது இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. றேடியோ சிலோனின் பலமாயிற்று. 1952இன் பின் இந்திய அரச வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த காலத்திலே, தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேநீர்க்கடைகளில் ஒலித்தது நம் கொழும்புத் தமிழ்ச் சேவை. பிரித்தானியர் திருகோணமலையையும் கட்டுநாயக்காவையும் விட்டு நீங்கியது 1957இல். அவர்கள் நீங்குமுன்னரே அவர்களுடைய இயந்திரம் தமிழ் பேசக் கற்றுவிட்டது. இயந்திரத்துக்குத் தாய்மொழி கிடையாது. அதன் ஆளியின்மேல் எவர் கை இருக்கிறதோ அவர் மொழியை அது பேசும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1980ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்து வீடுகளின் மேல் உயர்ந்த அலைவாங்கிகள் தெற்கே திரும்பவில்லை. வடக்கே, கடலுக்கு அப்பால் திரும்பி நின்று இந்தியத் தூரதர்ஷனைத் தேடின. றெய்க்யவிக்கிலே வேலி தாண்டி வந்தது பிறமொழி. இங்கே கடல் தாண்டி வந்தவற்றுள் தாய்மொழியும் இருந்தது. சொந்தத் தலைநகரின் நிலையம் தன் மொழிக்குப் போதிய இடம் வைக்காதபோது அலைவாங்கி எப்பக்கம் திரும்பும் என்பதைச் சட்டம் போட்டுத் தீர்மானிக்க முடியாது. ஐஸ்லாந்து அரசாங்கம் இதனை 1966இல் உணர்ந்தது. உணரப் பிந்தியது என்பது வேறு விடயம். தளத்து ஒளிபரப்புத் தொடங்கிப் பதினொரு ஆண்டு கழிந்திருந்தது.

அன்று அஞ்சியது வீண் அச்சம், ஐஸ்லாந்து மொழி இன்றும் உயிரோடிருக்கிறதே என்று இப்போது சிலர் நகைக்கிறார்கள். அணை கட்டியபின் வெள்ளம் வரவில்லை என்று அணைகட்டியவனை நகைப்பது போன்றது இது. இன்று அந்நாட்டுப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலே ஆங்கிலம் இருபத்துநான்கு மணிநேரமும் பொழிகிறது. தளமும் இல்லை, 2006 செப்டெம்பரிலே அமெரிக்கப் படை அத்தளத்தை விட்டுச் சென்றுவிட்டது. மகஜர் கொடுக்கப் படைத்தலைவர் எவருமில்லாத இந்த வெள்ளத்துக்கு அவர்கள் என்ன வரம்பு கட்டுகிறார்கள் என்பதை நாமும் உற்றுநோக்க வேண்டும்.

அந்தச் சிறிய தொலைக்காட்சி தன் முதல் ஆண்டுகளிலே நடந்துகொண்ட விதத்தையும் சொல்லியாகவேண்டும். தளத்து நிலையம் கிழமையின் ஏழு நாளும் படம் காட்டிப் பழக்கியிருந்த மக்களிடையே, தேசிய நிலையம் வியாழக்கிழமைகளில் ஒளிபரப்புவதில்லை என்ற வழக்கத்தைக் கைக்கொண்டது. யூலை மாதம் முழுவதும் பூட்டிவிட்டு ஊழியரை விடுமுறையில் அனுப்பிற்று. பெட்டி ஊமையாகக் கிடந்த அந்த வியாழன் மாலைகளிலே மக்கள் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்வந்தனர், கூட்டங்கள் வைத்தனர், நாடகம் பார்த்தனர். யூலை விடுமுறை 1983 வரையில் முடிவுக்கு வந்தது. வியாழக்கிழமைக்கும் நிகழ்ச்சி வந்து சேர்ந்தது 1987 ஒக்டோபரிலேதான்.