மேளத்துக்கு ஒரு அறை வேணும்

எங்க ஊர் மேளக் குழுவுல பறை மட்டும் பதினாறு இருக்கு. அது போக உறுமி மூணு, பம்பை ரெண்டு, உடுக்கை நாலு, தவில் ஒண்ணு. இத்தனையும் குழுவை நடத்துற அண்ணன் வீட்டுலதான் இருக்கு. வீடுன்னா ஒத்தை அறைத் தொகுப்பு வீடு. அதுலதான் அஞ்சு பேர் படுக்கணும்.

தோல் வாத்தியத்தைக் காப்பாத்துறதும் விதைநெல்லைக் காப்பாத்துறதும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஈரம், எலி, பூச்சின்னு எதிரிகளும் அதே ஆளுங்கதான். ஆனா தோலை விதை மாதிரி மூடி வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில கட்டினா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிச்சிரும். ஐப்பசி அடைமழையில காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுத் தோல் தொய்ஞ்சு போகும். அடிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோல் கொளுத்தி அனல் காட்டுறது அதனாலதான். சித்திரை வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில வச்சா முறுகி விரிசல் விடும். அதனால சுவரோட ஒட்டாம, தரையில படாம, எலிக்கு எட்டாத உயரத்துல காத்தாடத் தொங்கணும். பறை கத்துக்கிட்டு ஒண்ணு வாங்கி ஹால்ல மாட்டியிருக்கிற நகரத்து நண்பர்களுக்கும் இதேதான். ஜன்னல் வெயில் நேரா விழுற சுவர் வேண்டாம். அப்பப்ப எடுத்து அடிங்க, சும்மா கிடந்தா என்ன ஆச்சுன்னே தெரியாது.

ஒத்தை அறையில இருபத்தாறு வாத்தியத்தைக் காத்தாட எங்க தொங்க விடுறது? ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித்தான் வச்சிருக்காங்க. போன மழையில ரெண்டு பறைத் தோலை எலி கடிச்சிருச்சு. பழைய பறைகளை ஹோட்டல் அலங்காரத்துக்கு விலை கேட்டு டவுன்ல இருந்து ஒருத்தர் வந்துட்டுப் போனார். அண்ணன் கொடுக்கல. "இதை வச்சுக்கிட்டா பொண்ணு எங்க உக்காந்து படிப்பா?"ன்னு அண்ணி கேக்குறாங்க. அவங்க கேக்குறதுல என்ன தப்பு?

கோயில்ல வாகனங்களுக்குப் பூட்டு போட்ட அறை இருக்கு. திருவிழா அன்னிக்கு மட்டும் வெளிய வர்ற மரக்குதிரைக்கு அவ்வளவு மரியாதை. சமுதாயக்கூடத்துல சும்மா கிடக்கிற பக்கத்து அறையை மேளத்துக்குக் கொடுக்கலாமேன்னு ஊர்க்கூட்டத்துல கேட்டேன். "சாவுக்கு அடிச்சதைக் கொண்டாந்து கல்யாணம் நடக்கிற இடத்துலயா வைக்கிறது?"ன்னு பதில் வந்துச்சு. அதே பறைதான் அம்மன் கரகத்துக்கு முன்னாடியும் போகுது. அப்ப மட்டும் யாருக்கும் தீட்டு ஞாபகம் வராது. இதுக்குச் சாதின்னுதான் பேரு, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு விருப்பமில்லை.

அதுவரைக்கும் எங்க நெல் அறையில பாதியை எடுத்துக்கங்கண்ணேன்னு சொல்லிப் பார்த்தேன். அண்ணன் சிரிச்சார். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சாவுன்னா, உங்க வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா தம்பி?"

நியாயம்தான். அதனால அடுத்த கூட்டத்துல அறையை மட்டும் கேக்கப் போறதில்லை. அதோட சாவி குழுவோட கையில இருக்கணும்னும் சேர்த்துக் கேக்கப் போறேன்.