சுஷித் தட்டும் சூரை மீனும்

ஒரே பந்தியில் அமர்ந்து, ஒரே அண்டாவிலிருந்து பரிமாறிய சாம்பாரை உண்டு எழுந்த இருவர், வாசலுக்கு வருமுன்னரே இரு கட்சியினராகப் பிரிந்துவிடுவதை நாம் எத்தனையோ கல்யாண வீடுகளிற் கண்டிருக்கிறோம். ஒருவருக்கு அது அமிர்தம். மற்றவருக்கு உப்பில்லாப் பண்டம். பிறந்த நாள் முதல் பழகிய சாம்பாருக்கே இக்கதியெனின், கொழும்பு மாநகரில் இன்று நாகரிகத்தின் அடையாளமாக விளங்கும் யப்பானிய உணவகங்களுக்குப் போய்வருவோர் ஒருமித்த குரலிற் பேசுவர் என எதிர்பார்க்க முடியுமா?

போய்வந்த அன்பர் ஒருவர், "நாவில் வைத்தவுடன் வெண்ணெய் போலக் கரைந்தது" என்று கண்களை மூடிக்கொண்டு சொல்கிறார். அவருடன் கூடச் சென்றவரோ, "வேகாத மீனுக்கா இவ்வளவு காசு? அந்தப் பணத்துக்கு வீட்டில் எட்டுப் பேருக்குக் குழம்பு வைத்திருக்கலாம்" என்று முகத்தைச் சுளிக்கிறார். மூன்றாமவர், "காகித விளக்கும் மூங்கில் தட்டியும் மிக அழகு; வயிறுதான் நிறையவில்லை" என்கிறார். மாணவ அன்பரொருவர் உண்டதைவிடப் படம் பிடித்ததே அதிகம். இந்நால்வருள் எவர் சொல்வது உண்மை? நால்வர் சொல்வதும் உண்மையே. ஆனால் அவர்கள் சொல்லும் குறைகள் ஒரே வகையைச் சேர்ந்தன அல்ல. அவற்றைப் பிரித்தறிவதே இந்த வாரம் நமது நோக்கம்.

கொழும்பு உணவகத்தைப் பற்றித் திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் நமக்கு என்ன அக்கறை என வாசகர் வினவலாம். அக்கறை உண்டு. அந்தத் தட்டிலே செக்கச்செவேலென்று வீற்றிருக்கும் மீன் துண்டு பெரும்பாலும் சூரையாகும். நமது துறைமுக வாயிலுக்கு அண்மையிலேயே கடலின் அடித்தளம் பெரும் பள்ளத்தாக்காகச் சரிந்து செல்கின்றது. கரையோரத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுவதால், கோணேசர் கோயில் அமைந்த மலையுச்சியிலிருந்தே சில காலங்களில் திமிங்கிலங்களைக் காண இயல்கின்றது. அத்தகைய ஆழக்கடலிலே திரியும் மீனே சூரை. ஆகவே சுஷித் தட்டின் ஒரு முனை கொழும்பில் இருப்பினும், மறுமுனை நமது வள்ளங்களிலும் மீன்வாடிகளிலும் இருக்கின்றது.

யப்பானும் நமக்கு அயல் நாடன்று எனலாம். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. அன்றைய தினமே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1951இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற சமாதான மாநாட்டிலே, இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தனா, யப்பானிடம் இலங்கை நட்டஈடு கோராது என அறிவித்தார். பின்னர் 1980களில், யப்பானியக் கூட்டுறவுடன் டோக்கியோ சிமெந்துத் தொழிற்சாலை நமது துறைமுகப் பகுதியிலேயே எழுந்தது. குண்டாக வந்த நாடு, சிமெந்து மூட்டையாக வந்து, இப்போது சோற்று உருண்டையாகவும் வந்து சேர்ந்திருக்கின்றது.

சோற்று உருண்டை என்று நாம் கூறியது வேடிக்கைக்காக அன்று. சுஷி என்றால் பச்சை மீன் எனப் பலர் எண்ணியிருக்கின்றனர். அது தவறு. பச்சை மீனை மட்டும் சீவி வைப்பது சஷிமி. வினாகிரியும் சீனியும் உப்பும் கலந்து பக்குவப்படுத்திய சோறே சுஷிக்கு உயிர். வெள்ளரிக்காய், முட்டை, அவித்த இறால் ஆகியவற்றை வைத்துச் செய்தாலும் அது சுஷியே. மிகப் பழைய காலத்தில், உப்பிட்ட மீனைச் சோற்றிலே புதைத்து மாதக்கணக்காகப் புளிக்கவிட்டு, சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் உண்டனர். பிவா ஏரிப் பகுதியில் இம்முறை இன்றும் வழங்குகின்றது. பழஞ்சோற்றின் புளிப்பையும், சாடியில் இட்ட மீனையும் அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இக்காலத்தில் டோக்கியோ எனப்படும் எடோ நகரிலே, புளிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையற்ற தொழிலாளருக்காக, வினாகிரிச் சோற்றைக் கையாற் பிடித்து அதன்மேல் மீன் துண்டை வைத்து உடனுக்குடன் விற்கும் வழக்கம் பரவியது. ஹனாயா யோஹெய் என்பவரின் பெயர் இதனுடன் இணைத்துப் பேசப்படுகின்றது. தெருவோரத்தில் நின்றவாறே உண்ணும் உணவாக அது இருந்தது. நம்மூர் வடைத் தட்டின் உடன்பிறப்பு என்க. 1958இல் ஷிராய்ஷி யொஷியாகி என்பவர், பியர் ஆலையிலே போத்தல்கள் நகர்பட்டியிற் செல்வதைக் கண்டு, அவ்வாறே சுஷித் தட்டுகள் வாடிக்கையாளர் முன்னே நகர்ந்துவரும் கடையை ஒசாக்காப் பகுதியில் அமைத்தார். குறைந்த விலையில் யாவரும் உண்ண வேண்டுமென்பதே அதன் பயன். இவ்வாறு ஏழை எளியவரின் உணவாக வளர்ந்த பண்டம், கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தபோது பட்டுடுத்தி வந்துவிட்டது.

இனிக் குறைகளை ஆராய்வோம். முதலாவது, பழக்கமின்மையாற் பிறக்கும் குறை. மிளகாயும் புளியும் தேங்காய்ப் பாலும் கூடிய குழம்பிலே பயின்ற நாக்கு, யப்பானிய உணவை முதன்முறை உண்ணும்போது "ஒன்றுமேயில்லையே" என்று தேடுகின்றது. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழை முதன்முறை அருந்தும் அயலூரார் திகைப்பதும் இவ்வாறே. யப்பானியர் நாடும் சுவை ஆழமும் அடக்கமும் உள்ளது. 1908இல் இக்கெடா கிக்குனாய் என்னும் யப்பானிய விஞ்ஞானி, கடற்பாசி ரசத்தை ஆராய்ந்து, இச்சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். 1913இல் கொடாமா ஷின்தாரோ, உலர்ந்த சூரையிலும் அச்சுவை தரும் வேறொரு பொருளைக் கண்டறிந்தார். அந்த உலர்ந்த சூரை எது தெரியுமா? கட்சுஒபுஷி என அவர்கள் போற்றும் அதனையும், மாலைதீவிலிருந்து வரும் நமது மாசியையும் ஒரே இனச் சூரையை அவித்து, புகையிட்டு, உலர்த்தியே செய்கின்றனர். மாசிச் சம்பலுக்காகச் சண்டையிடும் நாக்கு, அந்த ரசத்தை அந்நியம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. இவ்வகைக் குறைக்கு உணவகத்தார் பொறுப்பல்லர். இரண்டொரு முறை உண்டபின் தானே நீங்கும், அல்லது நீங்காமலே போகும். நீங்காவிடினும் குற்றமில்லை.

இரண்டாவது, விலையாற் பிறக்கும் குறை. குட்டையான யப்பானிய அரிசி, நோரி என்னும் கடற்பாசித் தாள், சோயாச் சாறு முதலியன கப்பலேறி வருவன. சோற்றைப் பக்குவமாகப் பிடிக்கக் கைதேர்ந்தவர் வேண்டும். ஆதலால் விலை சற்று ஏறுவது இயல்பே. ஆயினும் நமது கடலில் வாழாத சல்மன் மீனை உறைநிலையிலே ஆகாயமார்க்கமாக வரவழைத்து, அதற்கு மகுடஞ் சூட்டிவிட்டு, அருகிலுள்ள கடலிற் பிடிபட்ட மீனைப் பின்வரிசைக்குத் தள்ளும் உணவகத்தைக் கண்டால், காசு சுவைக்காகப் போகிறதா, பெயருக்காகப் போகிறதா எனக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. 1995இல் தர்ஷன் முனிதாச என்பவர் கொழும்பில் நிஹொன்பஷி என்ற யப்பானிய உணவகத்தைத் தொடங்கினார். தாய் யப்பானியர், தந்தை இலங்கையர். அவரே கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோருடன் சேர்ந்து 2011இல் ஒரு நண்டு உணவகத்தையும் நிறுவினார். சிங்கப்பூரிற் புகழ்பெற்ற இலங்கை நண்டு, இலங்கையிலேயே முதன்மைப் பண்டமாயிற்று. உள்ளூர்ச் செல்வத்தை முன்வைத்தும் பெயர் பெறலாம் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, நேர்மைக் குறைவாற் பிறக்கும் குறை. இதுவே கடுமையானது. பச்சை நிறத்தில் வைக்கப்படும் வசாபி என்னும் காரத்தை எடுத்துக்கொள்வோம். உண்மையான வசாபிக் கிழங்கு மிக விலையுயர்ந்தது. யப்பானுக்கு வெளியே பெரும்பாலும் வைக்கப்படுவது குதிரைமுள்ளங்கியை அரைத்துப் பச்சைச் சாயம் சேர்த்த பண்டமே. அதனை அதுவெனச் சொல்லி வைத்தாற் பிழையில்லை. அவ்வாறே, மரக்கறிச் சூப் எனப்படுவதில் உலர்ந்த சூரையின் ரசம் கலந்திருக்கக் கூடும். சோற்றிலும் சாற்றிலும் மிரின் என்னும் அரிசி மது சேர்ந்திருக்கக் கூடும். சைவ உணவினரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழும் திருக்கோணமலை போன்ற ஊரிலே, கேட்பவருக்கு உள்ளதை உள்ளபடி உரைப்பது விருந்தோம்பலின் முதற் படியாகும்.

இவற்றினும் மேலானது மீனின் நலம். சூரையைப் பிடித்தபின் வெயிலிற் போட்டுவைத்தால் அதன் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் மிகுந்து நஞ்சாகின்றது. பார்வைக்கும் மணத்துக்கும் மீன் நன்றாகவே தோன்றலாம். முகஞ் சிவத்தல், தலையிடி, தடிப்பு, வயிற்றோட்டம் முதலியன இதன் அறிகுறிகள். குடும்பத் தலைவியர் கவனிக்க வேண்டியது யாதெனின், சமைத்தாலும் இந்நஞ்சு அழியாது என்பதே. ஆகவே சுஷியை ஒருபோதும் தொடாத வீட்டாருக்கும் ஐஸ் இன்றியமையாதது. பச்சையாக உண்ணும்போது புழுக்களின் ஆபத்தும் உண்டு. சுழியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியஸ் குளிரில் 7 நாள்கள் உறையவைத்தால் அவை மடியும் என்பது அமெரிக்க உணவு விதி. பெரிய சூரையினங்களுக்கு அதில் விலக்குண்டு. கருவுற்ற தாய்மாரும் சிறு குழந்தைகளும் நோயால் நலிந்தோரும் பச்சை மீனைத் தவிர்த்தலே நன்று.

இங்கேதான் நமது மீனவரின் நலனும் வந்து சேர்கின்றது. தூண்டிலிற் சிக்கிய சூரை நெடுநேரம் போராடினால் அதன் உடற்சூடு ஏறித் தசை வெளிறிவிடும். உடனே அடித்து வீழ்த்தி, இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, ஐஸில் அமிழ்த்தினால் அதே மீன் சஷிமித் தரம் பெறும். இலங்கையிலிருந்து யப்பானுக்கு ஏற்றுமதியாகும் சூரை இத்தரத்தைப் பெற்றதே. பல நாள்கள் கடலில் தங்கிவரும் கலங்களிலே முதல் நாட் பிடித்த மீன், கரை சேரும்போது மிகப் பழையது; ஐஸ் குறைந்தால் முதலில் கெடுவதும் அதுவே. கடலிலே உழைப்பு ஒன்றே. கரையிலே விலை இரண்டு. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பன ஒரு கத்தியும், சில மூட்டை ஐஸும், அவற்றைக் கையாளும் பயிற்சியுமே. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம், சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லையெனக் கூறி இலங்கை மீனுக்குத் தடை விதித்து, 2016இல் நீக்கியதை மறந்துவிடலாகாது. தொலைதூரத்து மேசையில் எடுக்கும் முடிவு நமது மீன்வாடியின் அடுப்பைத் தொடுகின்றது.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளுக்கான உணவகங்கள் நிரையாக நிற்கின்றன. அங்கே யப்பானிய விளக்கைத் தொங்கவிட எண்ணும் அன்பருக்கு நாம் கூறுவது இதுவே: விளக்கை வாங்குமுன் குளிர்பெட்டியை வாங்குக; கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலே மீனை ஒழுங்காகக் கையாளும் மீனவருடன் நிரந்தர உடன்பாடு செய்து, நல்ல மீனுக்கு நல்ல விலை கொடுக்க. உண்ணச் செல்லும் குடும்பத்தாருக்கும் மாணவருக்கும் கூறுவது: முதலில் வெள்ளரிக்காய்ச் சுஷியையோ முட்டைச் சுஷியையோ சிறிதளவு கேட்டு, சோற்றைச் சுவைத்துப் பார்க்க. சோறு குளிர்ந்து கட்டியாயிருந்தால் மேற்கொண்டு செலவிட வேண்டுவதில்லை. சோறு நன்றாயிருந்தால், இந்த மீன் எந்தக் கடலில், எப்போது பிடிபட்டது, எவ்வாறு வைக்கப்பட்டது எனக் கேட்க. மறுமொழி தயங்காமல் வந்தால் உண்ணலாம். தடுமாறினால் விலையைக் கொடுத்துவிட்டு எழுந்து, வீட்டுக்குப் போய் மாசிச் சம்பலுடன் பிட்டு உண்ணலாம்.