சொல்லும் பொருளும்: மூதேவி

சென்ற வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வேளையில் என் மூத்த மகள் பாயில் படுத்து உறங்கிவிட்டாள். “எழுந்திருடி, மூதேவி!” என்று அவள் தாய் அதட்டினாள். எழுந்த குழந்தை அழவில்லை. “அப்பா, மூதேவி என்றால் யார்?” என்று என்னை வினவினாள். வங்காளப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு வசை மட்டும் தமிழில் கிடைத்தது. அதன் பொருள் கிடைக்கவில்லை. அதைத் தேடிக் கொடுப்பது என் கடமையாயிற்று.

மூத்த தேவியே மூதேவி. மூப்பு, மூத்தோர் என்னும் சொற்களின் இனத்தைச் சேர்ந்தது இது. வடமொழியில் இவளை ஜேஷ்டை என்பர். அதன் பொருளும் மூத்தவள் என்பதே. அது தமிழில் சேட்டை என வழங்கிற்று. பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்னர்த் தோன்றியவள் என்பது புராணம். திருவள்ளுவர் இவளைத் தவ்வை, அதாவது தமக்கை, என்றே குறிக்கிறார். பொறாமை கொண்டவனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டு நீங்குவாள் என்பது 167ஆம் குறளின் கருத்து. ஆகவே, வறுமையோடு இவளைச் சேர்த்துப் பேசுவது பழைய வழக்கமே.

எனினும், அக்காலத்தில் இவளுக்கு வழிபாடும் இருந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இவளது சிற்பம் உண்டு. பருத்த வயிறு, காக்கைக் கொடி, ஒருபுறம் மாட்டு முகமுடைய மகன், மறுபுறம் மகள்: இதுவே இவளது திருவுருவம். சேட்டையிடம் செல்வம் கிடைக்குமென்று காத்திருப்போரைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் கடிந்துரைக்கிறார். வேண்டுவோர் இருந்தமையால் அன்றோ கடிய நேர்ந்தது! பிற்காலத்தில் வழிபாடு மங்கியது. பெயர் வசையாக எஞ்சியது.

நாம் வாழும் வங்க நாட்டிலும் இவள் உண்டு. காளி பூஜை இரவில் சில இல்லங்களில் சாணத்தால் அலக்ஷ்மியின் உருவம் செய்து, முறத்தைத் தட்டி வெளியேற்றிவிட்டு, அதன் பின்னரே லக்ஷ்மியை வரவேற்கின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்ட என் மகள், “அப்படியானால் மூதேவி என்றால் அக்காள்தானே? நானும் தம்பிக்கு அக்காள்தானே?” என்றாள். அவள் தாய் மறுமொழி கூறவில்லை. விளக்கைத் தூண்டிவிட்டு, குழந்தையின் தலையை வாரத் தொடங்கினாள்.

தம்பியை இடுப்பில் சுமப்பவளும், குழாயடியில் குடத்துடன் காத்து நிற்பவளும் மூத்த பெண்ணே. அயலூரில் வளரும் நம் மக்கள் தமிழை நம் வாயிலிருந்தே கற்கின்றனர். அவர்கள் முதலில் கற்கும் சொல் வசையாக இருத்தல் வேண்டா.