போட்டிக்கு வரம்பு வேண்டும்

மோட்டார் பந்தயத்தில் ஒரு குழு இவ்வளவுக்கு மேல் செலவு செய்யலாகாது என்று விதிப்பது நியாயந்தானா என்ற தர்க்கம் மேல்நாடுகளில் நெடுநாளாக நடந்துவருகிறது. 'பார்முலா ஒன்' பந்தயத்தில் 2021-ம் ஆண்டு முதல் அவ்விதி அமலில் இருக்கிறது. முதலாண்டில் வரம்பு 14.5 கோடி டாலர். "பணமுள்ளவன் செலவிடுகிறான், வல்லவன் ஜெயிக்கிறான், நடுவே சட்டம் எதற்கு?" என்று ஆட்சேபிப்போர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தூத்துக்குடியைவிடத் தகுதி வாய்ந்த ஊர் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம்.

1906-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெருமுயற்சியால் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். தனியொருவரால் தாங்க முடியாத செலவைப் பல்லாயிரம் பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து. பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். 1907-ல் காலியோ, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. கொழும்புப் பிரயாணக் கட்டணத்தை அது ஒரு ரூபாயாக இறக்கிற்று. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. முடிவில் வெள்ளைக் கம்பெனி, காசே வேண்டாம், இலவசமாக ஏறுங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று ஆசை காட்டிற்று.

இது திறமையினால் நடந்த போட்டியா? கப்பலை விரைவாக ஓட்டியோ, பிரயாணிகளுக்கு அதிக சௌகரியம் செய்துகொடுத்தோ வெள்ளைக் கம்பெனி வெல்ல முயலவில்லை. கல்கத்தாவிலும் ரங்கூனிலும் கிடைத்த லாபத்தைக் கொண்டு தூத்துக்குடியில் வரும் நஷ்டத்தை அதனால் தாங்க முடிந்தது. இரண்டே கப்பல்களுடைய சுதேசிக் கம்பெனிக்கோ இந்த ஒரு கடல்வழியே ஜீவாதாரம். நடுநிலை வகிக்க வேண்டிய சர்க்காரும் ஒரு பக்கம் சாய்ந்தது. 1908 மார்ச் 12-ல் பிள்ளையவர்களைக் கைது செய்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்களில் ஒன்று போட்டிக் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

குடை கிடைத்தது பிரயாணிக்கு லாபந்தானே என்று சிலர் கேட்கலாம். அன்று ஒரு நாள் லாபம், மறுக்கவில்லை. ஆனால் எதிரி ஒழிந்தபின் கட்டணம் என்னவென்று தீர்மானிக்கிறவன் ஒருவனே. அப்பொழுது பேரம் பேசுவதற்குப் பிரயாணிக்கு வேறு கப்பல் ஏது?

பந்தயக் களத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 2009-ல் குழுவொன்றுக்கு 4 கோடி பவுன் என வரம்பு கட்டப்போவதாகப் பந்தய நிர்வாகம் அறிவித்தது. பெரிய குழுக்கள் பிரிந்துபோய்த் தனிப் பந்தயம் நடத்துவோம் என்று மிரட்டின. நிர்வாகம் வரம்பைக் கைவிட்டது. வரம்பை நம்பி விண்ணப்பித்தவர்கள் கதி என்ன? 2010-ல் மூன்று புதுக் குழுக்கள் களத்தில் இறங்கின. அவற்றுள் ஒன்றான ஹிஸ்பானியாவில் 2010-ல் சென்னையின் கருண் சந்தோக்கும், 2011, 2012 ஆண்டுகளில் கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயனும் வண்டி ஓட்டினார்கள். ஒரு புள்ளிகூடப் பெறாமல் அக்குழு 2012 முடிவில் மறைந்தது. மூன்றில் ஒன்றுகூட இன்று இல்லை. கொடுத்த வாக்கைப் பாதிவழியில் கைவிட்டால் அழிகிறவன் சிறியவனே.

பின்னர் வந்த 2021 விதியும் குறையற்றதன்று. வண்டியோட்டிகளின் சம்பளமும், மேல் உத்தியோகஸ்தர் மூவரின் சம்பளமும் கணக்கில் சேரா. ரெட் புல் குழு முதலாண்டிலேயே வரம்பை மீறிற்று. அதற்கு 70 லட்சம் டாலர் அபராதம் விதித்ததோடு, வண்டியின் மீது காற்றோட்டத்தைச் சோதிக்கும் நேரத்திலும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். அப்படியிருந்தும் 2023-ல் 22 பந்தயங்களில் 21-ஐ அக்குழுவே வென்றது. ஆனால் 2024-ல் குழுக்களுக்கான பட்டம் வேறு கைக்கு மாறிற்று. வரம்பு ஒரே நாளில் சமத்துவத்தைக் கொண்டுவராது. சிறியவன் அடுத்த ஆண்டும் களத்தில் நிற்கும்படி செய்யும். அதுவே போதிய பயன்.

இப்பொழுது நமது கடலுக்கு வருவோம். 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது. காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் அவை கரை திரும்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவற்றுக்குக் கடலே அடைபட்டிருக்கிறது. இவையும் வரம்புகளே. குதிரைத்திறன் மிகுந்த எந்திரமும் இழுவை மடியும் உடையவனுக்கு எதிரே, வள்ளத்தில் போகிறவன் பிழைக்க வேறு வழியில்லை.

வரம்பு கட்டும் முறை இக்கரைக்குப் புதிதுமன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதிகாரிகள் பாரைச் சோதித்துச் சிப்பி முற்றியிருந்தால்தான் குளிப்புக்கு உத்தரவாகும். 1961-க்குப் பின் அந்தக் குளிப்பே நடக்கவில்லை. கடல் வற்றாத பொக்கிஷம் என்று எண்ணுவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று. முதலாவது, மூன்று மைல் எல்லையையும் நேர வரம்பையும் சர்க்கார் பாரபட்சமின்றி நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது, அபராதம் ஒரு நாள் பாட்டின் வருமானத்தைவிடக் குறைவாயிருந்தால், அதையும் தொழில் செலவோடு சேர்த்துக்கொண்டு மீறுகிறவன் மீறுவான்; ஆதலால் மீறுகிறவனுக்கு உறைக்கும்படி அது இருக்க வேண்டும். மூன்றாவது, ஐஸ், டீசல், ஏலம் ஆகியவற்றின் செலவை நாட்டுப்படகுக்காரர்கள் கூட்டுறவாகப் பகிர்ந்துகொள்ளச் சர்க்கார் துணைநிற்க வேண்டும். 25 ரூபாய்ப் பங்கு நமக்குக் காட்டிய வழி அதுதான்.

எதிரியை ஒழிப்பதற்காக நஷ்டத்திற்கு விற்பதைப் பெருங்கம்பெனிகளுக்கு விலக்கும் சட்டம் 2002-ல் நம் நாட்டிலும் இயற்றப்பட்டது. சிதம்பரம் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அவர் பெயரைச் சூட்டினோம், நன்று. அந்தத் துறைமுகத்தை அடுத்த கடலிலேயே சிறு படகுக்காரன் பண பலத்திற்குத் தோற்றுக் கரையேறுவானாகில், அவர் பெயரை உச்சரிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?