ஏற்றுமதி மானேஜர் எங்கே உட்கார வேண்டும்?

பீனியாவில் சிறுதொழில் நடத்தும் முதலாளிகள் நான்கு பேர் ஒன்றுகூடினால், இரும்பு விலை, மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது இன்னொரு புகாரும் எழுகிறது. "ஏற்றுமதி மானேஜர் ஆபீசுக்கு வரமாட்டேன் என்கிறார்" என்பதே அது. 2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு வந்தபோது எல்லோரும்தான் வீட்டுக்குப் போனார்கள். லேத் ஓட்டுகிறவர் திரும்பி வந்தார், ஸ்டோர்காரர் வந்தார், கணக்கெழுதுகிறவரும் வந்துவிட்டார். வெளிநாட்டு வியாபாரத்தைக் கவனிக்கிறவர் மட்டும், "இங்கிருந்தே எல்லாம் நடக்கிறதே, ஸார்!" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவரை விட்டால் வேறு ஆளும் இல்லை.

பெரிய சாப்ட்வேர் கம்பெனிகளில் இந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. அறுபது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் நிலைமை அப்படியல்ல. அங்கே ஏற்றுமதி இலாகா என்பதே ஒரு மனிதர்தான். அவர் எங்கே உட்காருகிறார் என்பதைப் பொறுத்து ஆர்டர் வரும், போகும். அந்த மானேஜர் பக்கமே நான் பேசப்போகிறேன். ஆனால் முழுவதும் அல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏற்றுமதி என்பது அன்றும் இன்றும் தூரத்து வேலைதான். தந்தியும் டெலக்சும் இருந்த நாளிலும் ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளர் நம் மானேஜரின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் நாற்காலி எந்த அறையில் கிடந்தது என்று கேட்டதுமில்லை. (அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நின்றுபோயிற்று.) கடலே இல்லாத ஊர் பெங்களூர். ஆனாலும் நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் டெப்போ 1981-ல் இங்கேதான் தொடங்கப்பட்டது. துறைமுகத்தின் வேலையையே ஊருக்குள் கொண்டுவந்து, சரக்கைச் சென்னைக்கு ரயிலேற்றிப் பழகிய ஊருக்கு, மேஜை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போவது ஒரு பெரிய அதிசயமா?

முன்பெல்லாம் மானேஜர் ஊரில் இருந்தே தீரவேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. சுங்க அலுவலகம், பாங்க், வர்த்தகச் சபை என்று மூன்று வாசல்களில் பைலுடன் நிற்க வேண்டும். இப்போது ஷிப்பிங் பில் கம்ப்யூட்டர் வழியே சுங்கத்துறைக்குப் போகிறது. சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் சான்றிதழுக்கும் 2019 முதல் மின்னணு முறை வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய உறுதிப் பத்திரம் தருவதும் அப்படியே. நிற்பதற்கு வாசல் இல்லாதபோது, நிற்பதற்காகவே ஒருவரை வரவழைப்பானேன்?

ஊரின் போக்குவரத்தையும் யோசிக்க வேண்டும். 2024-ம் ஆண்டுக்கான டாம்டாம் நிறுவனக் கணக்குப்படி பெங்களூரில் பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் ஆகிறது. தும்கூர் சாலை மேம்பாலம் 2021 டிசம்பரில் பழுதாகி மூடப்பட்டு, லாரிகளுக்கு 2024 ஜூலையில்தான் மறுபடி திறந்ததைப் பீனியாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெட்ரோ 2014-லேயே பீனியாவுக்கு வந்துவிட்டது உண்மைதான். ஆனால் ஸ்டேஷனில் இறங்கிய பிறகு உள்சாலைகளில் நடந்து பார்த்தவருக்குத்தான் அந்த அருமை தெரியும்! வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத வேண்டிய மனிதர் தினம் மூன்று மணி நேரத்தைச் சாலையில் கொட்டுவதால் யாருக்கு லாபம்?

இனி முதலாளியின் பக்கம். மானேஜர் வீட்டில் தூங்குவார் என்று அவர் அஞ்சுவதாகச் சிலர் கேலி செய்கிறார்கள். அது தவறு. அவருடைய உண்மையான பயம் வேறு. சிறு கம்பெனிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று இருப்பது மூன்று பேரோ நான்கு பேரோதான். பெண் கல்யாணத்தை விசாரிப்பது முதல் விலை குறைப்பது வரை அவர்களோடு பேசுகிறவர் மானேஜர் ஒருவரே. அவர் கண்ணெதிரே இல்லாவிட்டால், ஒருநாள் அந்த நான்கு பெயர்களையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருக் கம்பெனிக்குப் போய்விடுவாரோ என்பதுதான் பயம். நியாயமான பயமே. ஆனால் போக நினைப்பவரை எதிர் மேஜையில் உட்கார வைத்தால் மட்டும் தடுத்துவிட முடியுமா? கடிதப் போக்குவரத்து முழுவதும் கம்பெனி பெயரிலுள்ள மின்னஞ்சலில் நடக்க வேண்டும். பேசும் போன் எண் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். வரைபடமும் விலைப்பட்டியலும் முதலாளியும் திறக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை முதலாளியே வாடிக்கையாளருடன் நேரில் பேச வேண்டும். இதையெல்லாம் செய்யாமல், "வந்து உட்கார்" என்பது பூட்டு வாங்காமல் காவல்காரனைத் திட்டுவது போல.

இன்னொரு ஆபத்து உண்டு. அது பற்றி முதலாளிகள் அதிகம் பேசுவதில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் போகிறது: "எங்கள் பாங்க் கணக்கு மாறிவிட்டது, இனி பணத்தை இந்தப் புதிய எண்ணுக்கு அனுப்பவும்." பெயர் சரி, கையெழுத்து சரி, பில் நம்பர் கூடச் சரி. மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஓரெழுத்து வித்தியாசம். பணம் திருடன் கைக்குப் போய்விடுகிறது. சரக்கோ கப்பலில். மூன்று மாத உழைப்பு ஒரே நாளில் போய், அடுத்த மாதச் சம்பளத்துக்கே திண்டாடும் நிலை வரும். அடுத்த மேஜையில் ஒருவர் இருந்தால் "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று காட்டலாம். வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்த இரண்டாவது கண் கிடையாது. ஆகவே, பாங்க் கணக்கு சம்பந்தமான எந்த மாற்றத்தையும் பழைய போன் எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்டுத்தான் ஏற்பது என்று இரு தரப்பும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மானேஜர் வீட்டில் இருந்தாலும் சரி, ஆபீசில் இருந்தாலும் சரி, இது இல்லாத கம்பெனி திறந்த வீடுதான்.

இனி மானேஜர்களுக்குப் பிடிக்காத பகுதி.

எல்லாம் வீட்டிலிருந்தே நடக்கிறது என்பது உண்மையல்ல. சரக்கு ஏற்றும் நாளை எடுத்துக்கொள்வோம். மரப் பெட்டியும் மரத் தட்டும் வெளிநாடு போக வேண்டுமானால், அந்த மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். அதற்கான முத்திரை பெட்டியில் பதிந்திருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு தட்டு கலந்துவிட்டால், அங்கே துறைமுகத்தில் சரக்கு முழுவதும் நிற்கும். 2016 ஜூலை முதல் கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து, கப்பலில் ஏற்றுமுன் அனுப்புகிறவரே எழுதித் தர வேண்டும். பட்டறையில் ஒரு பையன் வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்புகிறான். நான்கும் நன்றாக இருக்கும். ஐந்தாவது பெட்டியை அவன் படமெடுக்கவில்லை என்பது எப்படித் தெரியும்? அங்கே போய் நின்று, பெட்டியைத் தட்டி, "இதென்னப்பா, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவினீர்களா?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

எல்.சி. மூலம் பணம் வாங்கும்போது இதன் விலை தெரியும். 2007 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 விதிகளின்படி, எல்.சி. வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் சரக்கு கப்பலேறிய 21 நாட்களுக்குள் பாங்கில் தஸ்தாவேஜுகளைக் கொடுக்க வேண்டும். பாங்க் பார்ப்பது காகிதத்தைத்தான், சரக்கை அல்ல. பட்டியலில் 48 பெட்டி, கப்பல் ரசீதில் 47 என்று இருந்தால் போதும், பணம் நின்றுவிடும். அந்த ஒரு பெட்டி எங்கே போயிற்று என்பதற்கு விடை கம்ப்யூட்டரில் கிடைக்காது, பட்டறை மூலையில்தான் கிடைக்கும்.

ஐரோப்பாவுக்குப் போல்ட், நட்டு அனுப்புகிறவர்களுக்கு இப்போது ஒரு புதுத் தொல்லை. அங்கே இறக்குமதியாகும் இரும்புப் பொருள்களை உற்பத்தி செய்ய எவ்வளவு கரியமில வாயு வெளியாயிற்று என்று கணக்குக் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் வெறும் அறிக்கையாகத் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் பணம் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது. கம்பி எந்த ஆலையில் வாங்கியது, உலைக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு எரிவாயு என்று பட்டறையில் உட்கார்ந்து போர்மேனைக் கேட்டுத்தான் எழுத முடியும். போர்மேன் கன்னடத்தில் பேசுவார், ஆபரேட்டர் தமிழிலோ தெலுங்கிலோ, பாக்கிங் செய்கிறவர் இந்தியில். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மானேஜருக்கு வீட்டில் சௌகரியம்தான். ஆனால் விவரம் கிடைக்காது. நம்மவர்களில் சிலர் இருபது வருஷம் இங்கே இருந்தும் கன்னடம் பேசத் தயங்குவதை இந்த இடத்தில் சொல்லாமலிருக்க முடியவில்லை.

ஒருவரும் கவனிக்காத நஷ்டம் ஒன்றும் உண்டு. ஏற்றுமதி வேலையைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கற்றதில்லை. மானேஜர் போனில் சண்டை போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் அடுத்தவர் கற்றார். டைப் அடிக்க வந்த பெண் பத்து வருஷத்தில் மானேஜரான கதைகள் இந்த ஊரில் உண்டு. மானேஜரே வீட்டில் இருந்தால் அந்த அடுத்தவர் எங்கிருந்து வருவார்?

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் நியாயம் முழுக்க மானேஜர் பக்கம். நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. கலிபோர்னியாக்காரர் ஆபீசுக்கு வரும்போது நாம் படுக்கையை விரித்திருப்போம். ஆபீசுக்குப் போன காலத்தில் கேட்டைச் சாத்தினால் வேலை முடிந்தது. இப்போது காலை ஒன்பது மணிக்கு முதலாளி கூப்பிடுகிறார், இரவு பதினொன்றுக்கு அமெரிக்கர் கூப்பிடுகிறார். மானேஜர் என்ற பட்டம் இருப்பதால் ஓவர்டைம் பேச்சே கிடையாது. பெண்ணாக இருந்தால் நடுவில் அடுப்பும் குழந்தையும் வேறு. பிரான்சில் 2017 முதல், ஐம்பது பேருக்கு மேல் உள்ள கம்பெனிகள் வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்பைப் பற்றி ஊழியர்களுடன் பேசியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018-ல் இதற்கென்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவு போன் உண்டு என்றால் மறுநாள் காலை பதினொன்றுக்கு முன் கூப்பிடுவதில்லை என்று முதலாளி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

சிலர் தருமபுரிக்கோ சேலத்துக்கோ திரும்பிப் போய், பெற்றோருடன் இருந்துகொண்டு பெங்களூர் வேலையைப் பார்க்கிறார்கள். வயதான தகப்பனார் இருக்கும் வீட்டில் மகன் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் உடனே, "அங்கே வாடகை இல்லையே, சம்பளத்தைக் குறைத்துக்கொள்" என்று கேட்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். சம்பளம் வீட்டு வாடகைக்கா கொடுத்தீர்கள், ஆர்டருக்கா? ஊரில் இருப்பவர் மாதத்தில் நான்கைந்து நாள் தன் செலவில் பஸ் ஏறி வரச் சம்மதித்தால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடலாம்.

2025 ஆகஸ்டு 27-ம் தேதி அமெரிக்கா நம் சரக்குகள் பலவற்றின் மீது வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. பாதி முடிந்த ஆர்டரை நிறுத்துவதா, விலையைக் குறைத்து அனுப்புவதா, வேறு நாட்டில் ஆள் தேடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய கட்டம் அது. அம்மாதிரி நாளில் முதலாளியும் மானேஜரும் போர்மேனும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அன்றைக்கு "நெட் சரியில்லை" என்று சொல்ல முடியாது. மற்ற நாட்களில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடிதம் எழுதட்டும். வாரத்தில் எந்த நாள், கன்டெய்னர் வரும் எந்த நாள் அவர் பட்டறையில் இருப்பார் என்பதை ஏப்ரல் மாதச் சம்பள உயர்வு பேசும்போதே ஒரு காகிதத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.